சிறு பிழைதானே என்கிறார்கள்!

"படகுகள் வந்தது." துறைமுகத்தில் மூட்டை தூக்கும் தோழர் ஒருவர், தம் மகளின் முதல் வாசிப்பு நூலில் இவ்வாறிருப்பதை நம்மிடம் காட்டினார். 'வந்தன' என்றல்லவா இருக்க வேண்டும்? பேச்சில் நாமும் 'வந்தது' என்போம், அது குற்றமன்று. எழுத்துத் தமிழைக் கற்பிக்க வந்த ஏடே தடுமாறலாமா? உரியவர்களிடம் கேட்டால், "சிறு பிழைதானே, அடுத்த பதிப்பில் பார்ப்போம்" என்றார்களாம்.

இதே முத்துக்குளித்துறைக்கு 1542-இல் வந்த சவேரியார் தமிழறியாதவர். பிறர் துணையால் பெயர்த்த செபங்களைச் சிறுவர்களுக்கு மனப்பாடம் செய்வித்தார். அதில் 'விசுவாசம்' என்று வரவேண்டிய இடத்தில் 'எனக்கு வேணும்' என்றிருந்தது! நம்புகிறேன் என்று சொல்ல வேண்டிய பிள்ளைகள், வேணும் வேணும் என்று ஓதினார்கள். மறைத்தாரா? இல்லை. உடனுழைத்த மான்சிலாசுக்கு 1544-இல் மடல் எழுதி, அச்சொல்லை மாற்றச் சொன்னார். அடுத்து வந்த என்றீக்கஸ் அடிகளோ தமிழைக் கற்று, இலக்கணமே எழுதினார். 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவர் பெயர்த்ததே.

கடல் கடந்து வந்தவர்களுக்கு, தமிழ் அச்செழுத்தே இல்லாத நாளில், ஒரு மடல் போதுமாயிருந்தது. இன்று ஒரு திருத்தச் சீட்டு அச்சிட்டு ஒட்ட எத்தனை நாளாகும்? அடுத்த பதிப்பு வருவதற்குள் தோழரின் மகள் இரண்டாம் வகுப்புக்குப் போய்விடுவாள்.