பொருளைப் பார்க்குமுன் கையைப் பாருங்கள்!



நம் ஊர்களுக்குப் பொருட்காட்சி வருகிறது. கைவினைக் கண்காட்சி வருகிறது. குடும்பத்தோடு செல்கிறோம். பிள்ளைகள் இராட்டினம் ஏறுகிறார்கள். பெரியவர்கள் பஜ்ஜிக் கடையில் நிற்கிறார்கள். வீடு திரும்பும்போது கையில் நான்கு பிளாஸ்டிக் டப்பாக்கள் இருக்கின்றன. அதே திடலின் ஒரு மூலையில், உளியும் கொட்டாப்புளியுமாக ஒருவர் தரையில் அமர்ந்து மரத்தைச் செதுக்கிக்கொண்டிருப்பார். பக்கத்தில் இன்னொருவர் சக்கரத்தைச் சுழற்றிக் களிமண்ணை எழுப்பிக்கொண்டிருப்பார். அவர்கள் முன்னால் நாம் எவ்வளவு நேரம் நிற்கிறோம்? நின்றாலும், “என்ன விலை?” என்று கேட்டு, அதில் பாதிக்குத் தருவீர்களா என்று பேரம் பேசி, நகர்ந்துவிடுகிறோம்.

கண்காட்சியில் காண வேண்டிய காட்சியே அந்த மூலையில்தான் இருக்கிறது. கடைத்தெருவில் எந்த நாளும் பொருள் கிடைக்கும். பொருள் உருவாகும் விதத்தைக் காணும் வாய்ப்போ ஆண்டுக்கு ஓரிரு முறைதான் கிட்டும். அதை எவ்வாறு பயன்படுத்துவது? நமக்கு நன்கு தெரிந்த ஓர் ஊரிலிருந்து தொடங்குவோம்.

விருத்தாசலத்து மண்

கடலூர் மாவட்டத்தின் விருத்தாசலத்தை இரயில் சந்திப்பாகவும் முந்திரிச் சந்தையாகவும் அறிந்தவர்கள் பலர். அது பீங்கான் ஊரும் ஆகும். ஊருக்குக் கிழக்கே நெய்வேலி இருக்கிறது. 1956ஆம் ஆண்டு அங்கே பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியது. நிலக்கரியை எடுக்க மேலே மூடியுள்ள மண் அடுக்குகளை அகற்ற வேண்டும். அந்த அடுக்குகளில் பீங்கானுக்கு ஏற்ற வெண்களிமண்ணும் இருந்தது. அருகில் மண் கிடைத்ததால் விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் வேரூன்றியது. பீங்கானுக்கென்றே ஒரு தொழிற்பேட்டையும், மாநில அரசின் தொழில் வணிகத் துறை நடத்தும் பீங்கான் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமும் அங்கே அமைந்தன. பொம்மைகள், அகல் விளக்குகள், மின்சாரப் பியூஸ் கட்டைகள் போன்ற பலவும் அவ்வூர்ச் சூளைகளில் வெந்து வெளிவந்தவை.

நாள்தோறும் தேநீர் அருந்தும் பீங்கான் கோப்பையின் விளிம்பு அவ்வளவு மெல்லியதாக எப்படி அமைகிறது என்று உங்கள் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். “மெஷினில் செய்வார்கள்” என்பதே பதிலாக இருக்கும். பட்டறையில் ஒரு மணி நேரம் நின்று பார்த்த பிள்ளை அப்படிச் சொல்லாது.

வெண்களிமண், பெல்ஸ்பார், குவார்ட்ஸ் ஆகிய மூன்றையும் உரிய அளவில் சேர்த்து நீர்விட்டு அரைத்துக் கூழாக்குகிறார்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸால் செய்த அச்சுக்குள் அந்தக் கூழை ஊற்றுகிறார்கள். அச்சு கூழிலுள்ள நீரை உறிஞ்சுகிறது. நீரை இழந்த மண், அச்சின் உட்சுவரில் ஓர் ஏடுபோல் படிந்து தடிக்கிறது. போதிய கனம் வந்ததும் நடுவில் மிஞ்சிய கூழைக் கவிழ்த்து வடித்துவிடுகிறார்கள். சுவராகப் படிந்ததே பாத்திரம்! எத்தனை நிமிடம் கழித்துக் கவிழ்ப்பது என்பதுதான் கைத்தேர்ச்சி. முந்தினால் சுவர் மெலிந்து சரியும். பிந்தினால் பாத்திரம் கனத்துப்போகும். மழை நாளில் ஒரு கணக்கு. வெயில் நாளில் ஒரு கணக்கு.

பச்சைப் பாத்திரம் உலரும்போதும் வேகும்போதும் சுருங்குகிறது. ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே அச்சைச் செய்பவர் முடிவில் வேண்டிய அளவை மனத்தில் வைத்து, முதலிலேயே பெரிதாகச் செய்ய வேண்டும். பியூஸ் கட்டையின் மூடியும் அடியும் தனித்தனியே சுருங்கி, கடைசியில் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்றால் எவ்வளவு கணக்கு வேண்டும்!

அடுத்தது சூளை. முதல் வேக்காட்டில் பாத்திரம் கெட்டிப்படும். பிறகு மெருகுக் கலவையில் தோய்த்து மீண்டும் வேகவைப்பார்கள். அந்தப் பூச்சு ஆயிரம் டிகிரி செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் உருகிக் கண்ணாடிப் படலமாகிறது. வெந்ததும் சூளையைத் திறந்துவிட முடியாது. ஆறும்போது 573 டிகிரியில் குவார்ட்ஸ் மணிகளின் பருமன் சட்டென மாறுகிறது. அந்தக் கட்டத்தை அவசரமாகக் கடந்தால் பாத்திரம் கீறிவிடும். ஆகையால் சூளைக்காரர் தீ அணைந்த பின்பும் நெடுநேரம் காத்திருக்கிறார். பொறுமையைப் பற்றிப் பிள்ளைகளுக்கு நாம் நூறு முறை சொல்கிறோம். மூடிய சூளையின் முன்னால் ஒரு முறை நிறுத்திக் காட்டினால் போதுமே!

உளி கற்றுத்தரும் பாடம்

மண்ணைப் பார்த்தவர்கள் மரத்தையும் பார்க்க வேண்டும். அதற்கும் நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. விருத்தாசலத்துக்கு வடமேற்கே கள்ளக்குறிச்சி; மேற்கே, பச்சைமலை அடிவாரத்தில், பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர். இரண்டும் மரச்சிற்பத்துக்குப் பெயர் பெற்றவை. அரும்பாவூர் மரச்சிற்பம் 2020ஆம் ஆண்டிலும், கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021ஆம் ஆண்டிலும் புவிசார் குறியீடு பெற்றன. அவர்கள் செய்பவற்றில் பெரும்பகுதி மாற்றுச் சமயச் சகோதரர்களின் வழிபாட்டுக்குரியவை. ஆனால் மரத்தின் இயல்பும் உளியின் இலக்கணமும் எல்லோருக்கும் பொதுவானவை. அதே கைத்திறன்தான் கதவு நிலையையும் ஊஞ்சல் பலகையையும் உருவாக்குகிறது.

கண்காட்சியில் மரச்செதுக்குக் கலைஞர் முன் அமர்ந்தால் முதலில் அவருடைய உளி செல்லும் திசையைக் கவனியுங்கள். மரத்துக்கு இழையோட்டம் உண்டு. இழையோடு சென்றால் உளி வழுக்கிக்கொண்டு போகும். எதிர்த்துச் சென்றால் மரம் சிம்பு சிம்பாகப் பிளக்கும். ஒரு வளைவைச் செதுக்கும்போது, வளைவின் உச்சியில் அவர் பலகையைத் திருப்புவார். அல்லது தாம் திரும்பி உட்காருவார். இழை அவ்விடத்தில் எதிர்த் திசையாகிவிட்டது என்பதே காரணம். இதைக் கண்டுபிடித்த பிள்ளைக்கு ஒரு புதிருக்கு விடை கண்ட மகிழ்ச்சி உண்டாகும்.

அடுத்து, மரம் காய்ந்த கதையைக் கேளுங்கள். ஈர மரம் காயும்போது நீளவாட்டில் மிகச் சிறிதளவே சுருங்கும். அகலவாட்டில் கூடுதலாகச் சுருங்கும். காயாத மரத்தில் கதவு செய்தால் ஓராண்டுக்குள் பலகைகளுக்கு இடையே வெளிச்சம் தெரிவது இதனால்தான். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு காற்றாட உலர்த்த வேண்டும் என்பது தச்சர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. வீடு கட்டும் நம் குடும்பங்கள் இதை அறிந்திருந்தால் எத்தனை கதவுகள் கோணாமல் இருந்திருக்கும்!

நம் வீட்டு ரேஹால்

திருக்குர்ஆனை வைத்து ஓதும் ரேஹால் பலகை நம் வீடுகளில் உண்டு. காலையில் விரிக்கிறோம், ஓதி முடித்ததும் மடித்து வைக்கிறோம். அதை ஒரு முறை கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பழைய முறைப்படி செய்த ரேஹாலில் ஆணி இல்லை, பசை இல்லை, கீல் இல்லை. இரண்டு பலகைகளைச் சேர்த்ததும் அன்று. ஒரே பலகை!

பலகையின் கனத்தை இரண்டாக வகிர்ந்தாற்போல், இரு முனைகளிலிருந்தும் நடுப்பகுதி வரை வாளால் அறுக்கிறார்கள். நடுவில் இரு கை விரல்களைக் கோத்தாற்போல் பற்களை வரைந்து, ஒன்றுக்குள் ஒன்று சுழலும்படி உளியால் வெட்டுகிறார்கள். வேலை முடிந்து மெல்ல விரித்தால் பலகை தானே எக்ஸ் வடிவில் நிற்கிறது. இரு பாதிகளும் பிரிவதில்லை. ஒரு பல் உடைந்தால் முழுப் பலகையும் வீண். வட இந்தியாவின் சகாரன்பூரில் மரச்செதுக்கு வேலை செய்யும் நம் சகோதரர்கள் ஏராளம். அத்தகைய கலைஞர் எவரேனும் கண்காட்சிக்கு வந்திருந்தால், ரேஹால் வெட்டும் முறையைச் செய்துகாட்ட முடியுமா என்று கேளுங்கள். நாள்தோறும் தொட்ட பொருளின் அருமை அன்றுதான் புரியும்.

நபி ஜகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்பது ஹதீஸ் தரும் செய்தி. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் மிம்பரும் ஒரு தச்சர் செய்ததே. கைத்தொழிலைத் தாழ்வாக எண்ண நமக்கு எந்த நியாயமும் இல்லை. ஆயினும் மகன் தச்சு கற்கிறான் என்று சொல்ல எத்தனை பெற்றோர் கூசுகிறார்கள்! படிப்பு வராவிட்டால் பாஸ்போர்ட் எடுத்து அயல்நாட்டுக்கு அனுப்பு என்ற எண்ணமே மேலோங்கி நிற்கிறது. எந்தக் கைத்திறனும் இல்லாமல் போகும் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை கிடைக்கும் என்பதைச் சிந்திக்க வேண்டாமா? விருத்தாசலத்துப் பீங்கான் கல்வி நிறுவனத்தில் பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்குப் பட்டயப் படிப்பு உண்டு. இப்படியொரு படிப்பு இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. பார்க்காத தொழிலைப் பிள்ளை எப்படி விரும்பும்?

பேரத்தின் மறுபக்கம்

இத்தொழில்கள் இன்று கடும் போட்டியில் நிற்கின்றன. பீங்கான் பியூஸ் கட்டை இருந்த இடத்துக்குத் தானே அணையும் எம்.சி.பி. சுவிட்சுகள் வந்துவிட்டன. குஜராத்தின் மோர்பி போன்ற ஊர்களில் பெருந்தொழிற்சாலைகள் பீங்கானை மலைபோல் குவிக்கின்றன. மரச்செதுக்கைக் கணினி இயந்திரம் சில மணி நேரத்தில் முடிக்கிறது. இந்நிலையில் சிறு பட்டறைக்காரரைத் தாங்கி நிற்பவர், கைவேலையின் அருமை தெரிந்து வாங்கும் மனிதர் ஒருவரே. வேலையைக் கண்ணால் காணாதவருக்கு அருமை எப்படித் தெரியும்?

பத்தமடைப் பாயை எடுத்துக்கொள்ளுங்கள். அதை நெய்பவர்கள் பெரும்பாலும் நம் லெப்பைக் குடும்பத்துப் பெண்கள். கோரையை நீரில் ஊறவைத்து, நூலிழைபோல் வகிர்ந்து, பட்டுத் துணிபோல் மடியும் பாயை அவர்கள் உருவாக்குகிறார்கள். கோரை எவ்வளவு மெல்லியதோ, அவ்வளவு நாள் கூடும். இதை அறியாமல் “ஒரு பாய்க்கு இவ்வளவா?” என்று பாதி விலைக்குக் கேட்கும்போது, நாம் குறைப்பது ஒரு சகோதரியின் நாட்கூலியைத்தான். அந்தக் கூலி கட்டுப்படியாகாவிட்டால் தாய் தன் மகளுக்கு அத்தொழிலைக் கற்றுக்கொடுக்க மாட்டாள். ஒரு தலைமுறை கற்காமல் விட்டால் அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுக்க ஆளே இராது.

செல்லும்போது சில யோசனைகள்

பூம்புகார் விற்பனை நிலையங்களை நடத்தும் தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம் அவ்வப்போது கண்காட்சிகள் நடத்துகிறது. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில், 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் மரபு வீடுகளோடு கைவினைச் செயல்விளக்கங்களையும் காணலாம். வட இந்தியா செல்வோர்க்கு, அரியானாவின் சூரஜ்குண்டில் 1987இல் தொடங்கிய கைவினைத் திருவிழா உண்டு. எங்கே சென்றாலும் பின்வருவனவற்றை மனத்தில் கொள்ளுங்கள்.

கூட்டம் சேருமுன் முற்பகலிலேயே செல்லுங்கள். அப்போதுதான் கலைஞர் ஆறுதலாகப் பேசுவார். பத்துக் கடைகளை ஓடிப் பார்ப்பதைவிட ஒரே கலைஞர் முன் அரைமணி நேரம் அமர்வது மேல்.

பிள்ளைகளின் பார்வை தெரியும்படி அவர்களை முன்னால் நிறுத்துங்கள். ஆனால் உளியும் மரத்தூளும் தெறிக்காத தூரம் வேண்டும். கருவிகளைக் கேளாமல் தொடவிடாதீர்கள். கூர்மை கெட்டால் அன்றைய வேலையே கெடும்.

விலையைக் கடைசியில் கேளுங்கள். முதலில், “இது என்ன மரம்? எத்தனை நாள் வேலை? எந்த இடத்தில் தவறு நேரும்? யாரிடம் கற்றீர்கள்?” என்று கேளுங்கள். இக்கேள்விகளுக்குப் பதில் கிடைத்தபின் விலை தானே விளங்கிவிடும்.

கலைஞரின் உருவத்தையோ புதிய வடிவத்தையோ அனுமதியின்றிக் கைப்பேசியில் படம் எடுக்காதீர்கள். அவ்வடிவம் அவருடைய முதலீடு.

வாங்குமுன் சோதித்துப் பாருங்கள். பீங்கான் கோப்பையை விரல் நுனியில் நிறுத்தி இலேசாகச் சுண்டினால் கணீரென்ற ஒலி வர வேண்டும். மழுங்கிய ஒலி வந்தால் கீறல் இருக்கலாம். மரப்பொருளின் அடிப்பக்கத்தையும் உட்பக்கத்தையும் பாருங்கள். மெருகு மறைத்ததை அங்கே காணலாம்.

விருத்தாசலத்துப் பட்டறைகளைப் பார்க்க விரும்பினால் ஒன்றை நினைவில் வையுங்கள். தொழிற்பேட்டை வேலை நடக்கும் இடம். முன்கூட்டியே உரிமையாளரிடம் அனுமதி கேட்டுச் சிறு குழுவாகச் செல்லுங்கள். நம் மதரஸாக்களும் பள்ளிகளும் ஆண்டுச் சுற்றுலாவில் ஒரு நாளை இதற்கு ஒதுக்கலாமே! கடற்கரையையும் பூங்காவையும் மட்டுமே காட்டுகிறோம். ஒரு சூளையையும் ஓர் உளியையும் காட்டினால், எந்த வகுப்பறையிலும் சோபிக்காத ஒரு பிள்ளை அங்கே கண் விரியப் பார்த்து நிற்கக்கூடும். அந்தப் பிள்ளையின் விரல்களில் அல்லாஹ் என்ன திறனை வைத்திருக்கிறான் என்பதை அன்று நாமும் அறிந்துகொள்ளலாம்.