சோமாலியா 2006: கைநழுவிய சமாதானம்

அந்நியப் படையொன்றினால் தலைநகரிலிருந்து விரட்டப்பட்ட இயக்கத்தின் தலைவர், இரண்டே ஆண்டுகளில் அதே நாட்டின் ஜனாதிபதியாகத் தெரிவு செய்யப்படுவது உலக அரசியலில் அடிக்கடி நிகழ்வதொன்றல்ல. சோமாலியாவில் அது நிகழ்ந்தது. எத்தியோப்பியப் படைகளின் முன்னேற்றத்தால் 2006 டிசெம்பரில் மொகடிஷுவை விட்டு வெளியேறிய ஷெய்க் ஷரீப் ஷெய்க் அஹமட், 2009 ஜனவரியில் அந்நாட்டின் ஜனாதிபதியானார். அவ்வாறாயின், இடைப்பட்ட காலத்தில் சிந்தப்பட்ட இரத்தம் எதற்காக? இக்கேள்விக்கான விடையை 2006 ஆம் ஆண்டின் நிகழ்வுகளிலேயே தேட வேண்டியுள்ளது.

ஆபிரிக்காவின் கொம்பு என வர்ணிக்கப்படும் பிராந்தியத்தில் அமைந்துள்ள சோமாலியாவில் மக்களின் மிகப் பெரும்பான்மையினர் ஒரே மொழியைப் பேசுபவர்கள். ஒரே மார்க்கத்தைப் பின்பற்றுபவர்கள். ஆயினும், கோத்திரங்களுக்கிடையிலான போட்டி அந்நாட்டு அரசியலின் அடிநாதமாக இருந்து வந்துள்ளது. 1969 இல் இராணுவப் புரட்சி மூலம் ஆட்சிக்கு வந்த சியாத் பாரே, 1991 ஜனவரியில் தூக்கியெறியப்பட்டார். அவரை வீழ்த்துவதில் ஒன்றுபட்ட ஆயுதக்குழுக்கள், அவருக்குப் பின்னர் யார் ஆள்வது என்பதில் ஒன்றுபடவில்லை. நாடு யுத்தப் பிரபுக்களின் கைகளில் துண்டாடப்பட்டது. பஞ்சத்தைத் தணிக்கவென 1992 இல் வந்திறங்கிய அமெரிக்கப் படைகள், 1993 ஒக்டோபரில் மொகடிஷு வீதிகளில் 18 வீரர்களை இழந்ததையடுத்து வெளியேறின. 1995 மார்ச்சில் ஐ.நா. படையும் விலகியது. 2004 இல் கென்யாவில் வைத்து அமைக்கப்பட்ட இடைக்கால அரசாங்கத்துக்குத் தன் சொந்தத் தலைநகருக்குள் நுழையும் வலிமை இருக்கவில்லை. அதன் பாராளுமன்றம் 2006 பெப்ரவரியிலேயே முதன்முறையாகச் சோமாலிய மண்ணில் கூடியது. அதுவும் பைடோவா நகரில், களஞ்சியமொன்றில்!

இவ்வெற்றிடத்தில் வளர்ந்தவையே இஸ்லாமிய நீதிமன்றங்களாகும். பொலிஸாரோ நீதவானோ இல்லாத நகரில், 1990 களில் கோத்திர அடிப்படையில் உருவான இந்நீதிமன்றங்கள் களவு, கொலை, வியாபாரப் பிணக்குகள் போன்றவற்றை ஷரீஆ சட்டத்தின்படி விசாரித்தன. சந்திக்குச் சந்தி கப்பம் செலுத்திச் சலித்திருந்த வர்த்தகர்கள் அவற்றுக்கு நிதியுதவி அளித்தனர். தீர்ப்புகளை நிறைவேற்றவென ஆயுதப் பிரிவுகளும் உருவாகின. காலப்போக்கில் இவை ஒன்றிணைந்து ஒரே சக்தியாகின. இந்த ஒன்றியத்தில் மிதவாத மார்க்க அறிஞர்களும், வர்த்தகர்களும், கடும்போக்கு ஆயுததாரிகளும் அருகருகே இருந்தனர் என்பதை நினைவிற் கொள்வது அவசியம். பின்னர் நிகழ்ந்த பலவற்றுக்கும் இந்த உள்முரண்பாடே காரணமாயிற்று.

1998 இல் நைரோபியிலும் தாருஸ்ஸலாமிலும் அமெரிக்கத் தூதரகங்கள் தாக்கப்பட்டு 200 க்கும் அதிகமானோர் கொல்லப்பட்ட சம்பவத்தின் சந்தேகநபர்கள் சோமாலியாவில் மறைந்திருப்பதாக வாஷிங்டன் கருதியது. 2006 பெப்ரவரியில் மொகடிஷுவின் யுத்தப் பிரபுக்கள் சிலர் “பயங்கரவாத எதிர்ப்பு” என்ற பெயரில் கூட்டணி அமைத்தபோது, அதற்கு அமெரிக்க உளவுத்துறை பணம் வழங்குவதாகப் பரவலாகச் செய்திகள் வெளியாகின. பதினைந்து ஆண்டுகளாகத் தம்மைச் சூறையாடியவர்களுக்கு வெளிநாட்டுப் பணம் கிடைக்கின்றது என்பதை அறிந்த மக்கள், நீதிமன்றங்களின் பக்கம் மேலும் சாய்ந்தனர். பல மாத மோதல்களில் நூற்றுக்கணக்கானோர் பலியாகினர். ஜூன் 5 ஆம் திகதி மொகடிஷு நீதிமன்றங்களின் வசமானது. யுத்தப் பிரபுக்களைப் பலப்படுத்த முனைந்த கொள்கை, அவர்களது வீழ்ச்சியையே துரிதப்படுத்தியது.

அதன் பின்னரான ஆறு மாதங்களை மொகடிஷு மக்களில் பலர் இன்றும் நினைவுகூர்கின்றனர். கப்பம் அறவிட்ட வீதித் தடைகள் அகற்றப்பட்டன. 1995 இற்குப் பின்னர் மூடப்பட்டுக் கிடந்த விமான நிலையமும் துறைமுகமும் ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் மீண்டும் திறக்கப்பட்டன. கடற்கொள்ளையும் கட்டுப்படுத்தப்பட்டது. ஆயினும், நாணயத்துக்கு மறுபக்கமும் இருந்தது. மத்திய சோமாலியாவில் உலகக் கிண்ண உதைபந்தாட்டப் போட்டியைத் திரையில் காண்பிக்கத் தடை விதித்த ஆயுததாரிகள், எதிர்ப்புத் தெரிவித்தவர்கள் மீது சுட்டதில் இருவர் உயிரிழந்தனர். செப்டெம்பரில் மொகடிஷு வைத்தியசாலையொன்றில் பணியாற்றிய இத்தாலிய அருட்சகோதரி ஒருவர் சுட்டுக்கொல்லப்பட்டார். அச்செயலை நீதிமன்றங்களின் தலைமை கண்டித்ததெனினும், தமது பெயரால் இயங்கிய அனைவரையும் கட்டுப்படுத்தும் ஆற்றல் அத்தலைமைக்கு இருந்ததா என்பது கேள்விக்குறியாகவே இருந்தது.

சமாதானத்துக்கான வாயில் அடைபட்டிருக்கவில்லை. அரபு லீக்கின் மத்தியஸ்தத்துடன் ஜூன் 22 ஆம் திகதி கார்ட்டூமில் இரு தரப்பினரும் ஒருவரையொருவர் அங்கீகரித்து உடன்பாடு கண்டனர். செப்டெம்பர் சுற்றில் படைகளை ஒருங்கிணைப்பது குறித்தும் கொள்கையளவில் இணக்கம் ஏற்பட்டது. ஆனால், உடன்பாட்டின் மை உலர முன்னரே இரு தரப்பும் அதனை மீறத் தொடங்கின. நீதிமன்றங்கள் நகர் நகராகக் கைப்பற்றி, செப்டெம்பர் இறுதியில் தெற்கின் துறைமுக நகரான கிஸ்மாயோவையும் தம்வசப்படுத்தின. மறுபுறத்தில் பைடோவாவுக்குள் எத்தியோப்பியத் துருப்புகள் நுழைந்தன. இடைக்கால அரசாங்கமோ உள்ளேயே சிதறிக்கொண்டிருந்தது. ஜூலை இறுதியில் அமைச்சர் ஒருவர் பைடோவாவில் கொல்லப்பட்டார். அமைச்சர்கள் பலர் பதவி துறந்தனர். செப்டெம்பர் 18 ஆம் திகதி ஜனாதிபதி அப்துல்லாஹி யூசுப் அஹமட்டைக் குறிவைத்த குண்டுத் தாக்குதலில் அவரது சகோதரர் உட்படப் பலர் பலியாகினர். ஒக்டோபர் இறுதியில் தொடங்கிய மூன்றாம் சுற்றுப் பேச்சுகள் முறிவடைந்தன.

எத்தியோப்பியாவின் அச்சத்துக்கு வரலாற்றுக் காரணங்கள் உண்டு. சோமாலியத் தேசியக் கொடியிலுள்ள ஐம்முனை நட்சத்திரம், சோமாலியர் வாழும் ஐந்து பிரதேசங்களைக் குறிக்கின்றது. அவற்றுள் ஒன்றான ஒகாடன் எத்தியோப்பியாவுக்குள் இருக்கின்றது. அதற்காக 1977-78 இல் இரு நாடுகளும் பெரும் யுத்தம் புரிந்தன. நீதிமன்றங்களின் ஷூரா சபைத் தலைவர் ஹஸன் தாஹிர் அவெய்ஸ் அந்தப் பழைய கோரிக்கைக்கு மீண்டும் உயிரூட்டும் விதத்தில் பேசினார். அதே வேளை, எத்தியோப்பியாவின் பரம வைரியான எரித்திரியா நீதிமன்றங்களுக்கு ஆதரவளித்தது. இவ்வாறு சோமாலியரின் உள்நாட்டுப் பிணக்கு, அயலவர் இருவரின் பகைமைக்கான களமாகவும் மாறிற்று.

டிசெம்பர் 6 ஆம் திகதி ஐ.நா. பாதுகாப்புச் சபை, ஆயுதத் தடையைத் தளர்த்திப் பிராந்தியப் படையொன்றை அனுப்ப அனுமதி வழங்கியது. அப்படை ஒருபோதும் வந்து சேரவில்லை. ஆனால், இது தமக்கெதிரான நடவடிக்கை என்றே நீதிமன்றங்கள் கருதின. எத்தியோப்பியத் துருப்புகள் ஒரு வாரத்துக்குள் வெளியேற வேண்டுமென டிசெம்பர் 12 இல் அவை காலக்கெடு விதித்தன. 20 ஆம் திகதியளவில் பைடோவாவைச் சூழப் போர் மூண்டது. 24 ஆம் திகதி பிரதமர் மெலஸ் செனாவி யுத்தத்தைப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். கனரக ஆயுதங்களுக்கும் விமானத் தாக்குதலுக்கும் முன்னால் இளம் போராளிகளால் நிலைத்து நிற்க முடியவில்லை. 28 ஆம் திகதி மொகடிஷு கைமாறியது. ஆண்டின் தொடக்கத்தில் வரட்சியாலும், இறுதியில் ஜூபா, ஷபெல்லே நதிகளின் வெள்ளத்தாலும் வதைபட்ட மக்கள் மீது யுத்தமும் சேர்ந்து விழுந்தது.

களத்தில் வெற்றி ஒரு வாரத்தில் கிட்டியது. அதன் விலையைச் செலுத்தப் பல ஆண்டுகள் தேவைப்பட்டன. 2007 இல் மாத்திரம் மொகடிஷுவிலிருந்து சுமார் 6 இலட்சம் பேர் வெளியேறினர். மிதவாதத் தலைவர்கள் நாட்டை விட்டு வெளியேறிய நிலையில், முன்னர் ஒன்றியத்தின் ஓர் அங்கமாக மாத்திரம் இருந்த அல்-ஷபாப், அந்நிய ஆக்கிரமிப்பை எதிர்க்கும் தேசியச் சக்தியாகத் தன்னைக் காட்டிக்கொண்டு வளர்ந்தது. கடற்கொள்ளையும் மீண்டும் தலைதூக்கியது. அதன் எதிரொலி நமது கரையையும் எட்டியது. 2017 மார்ச்சில் எட்டு இலங்கை மாலுமிகளுடன் கடத்தப்பட்ட ‘அரிஸ் 13’ கப்பலை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

2008 இல் ஜிபூட்டியில் இடைக்கால அரசாங்கமும் ஷெய்க் ஷரீப் தரப்பும் உடன்பாடு கண்டன. எத்தியோப்பியப் படைகள் 2009 ஜனவரியில் வெளியேறின. அம்மாத இறுதியில் ஷெய்க் ஷரீப் ஜனாதிபதியானார். அதிகாரத்தைப் பகிர்வது, படைகளை ஒருங்கிணைப்பது என ஜிபூட்டியில் இணங்கப்பட்டவை, கார்ட்டூமில் மேசைக்கு வந்தவற்றிலிருந்து பெரிதும் வேறுபட்டவையல்ல. வேறுபட்டது காலம் மாத்திரமே. 2006 இல் மிதவாதிகளிடம் நகரமும் மக்கள் ஆதரவும் இருந்தன. 2009 இல் ஜனாதிபதிப் பதவியுடன் திரும்பியவரிடம் மொகடிஷுவின் சில வட்டாரங்களே எஞ்சியிருந்தன. ஏனையவற்றை அல்-ஷபாப் எடுத்துக்கொண்டிருந்தது. அவ்வியக்கத்துக்கு எதிரான யுத்தம் இன்னமும் முடிவுறவில்லை.

இதற்கான பொறுப்பை ஒரு தரப்பின் மீது மாத்திரம் சுமத்துவது நேர்மையாகாது. பேசிக்கொண்டே நிலம் பிடித்த நீதிமன்றங்களும், மக்களை நம்பாது அயலவரின் பீரங்கிகளை நம்பிய அரசாங்கமும், தத்தமது அச்சங்களுக்காகச் சோமாலிய மண்ணைக் களமாக்கிய வெளிச்சக்திகளும் அதில் பங்காளிகளே. பேசக்கூடியவர்களைப் பேச்சுமேசையிலிருந்து விரட்டினால், பேச விரும்பாதவர்களே அந்த இடத்துக்கு வருவார்கள். சோமாலியாவின் 2006 உணர்த்தி நிற்கும் உண்மை இதுவேயாகும்.