இந்த வயதிலேயே கோசோங்கா?

கல்லூரிக்கு அருகே உள்ள காப்பிக் கடையில், “அண்ணே, தே-ஓ கோசோங் ஒண்ணு” என்று முதன்முறை கேட்டபோது தே கலக்குபவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “என்ன தங்கச்சி, இந்த வயசிலேயே இனிப்பு நீரா?”

அவர் கேட்டதில் வியப்பில்லை. நம் வீடுகளில் சீனி போடாத தே என்றால் அது நோயாளியின் பானம். விருந்தாளிக்கு இனிப்புக் குறைவாகக் கொடுத்தால் மரியாதைக் குறைவு. பிள்ளை தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கினால் பபிள் டீ, வாங்காவிட்டால் ஆறுதலுக்கு இன்னொரு பபிள் டீ. அன்பையும் உபசரிப்பையும் சீனியால் அளந்தே பழகிவிட்டோம்.

இதன் விலை சிறியதன்று. 2016ல் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்தது. மறு ஆண்டு தேசிய தினக் கூட்ட உரையில் அப்போதைய பிரதமர் திரு லீ சியன் லூங் இதைப் பற்றி விரிவாகப் பேசினார். 60 வயதைத் தாண்டிய சிங்கப்பூரர்களில் பத்தில் மூவருக்கு நீரிழிவு. அதே வயது இந்தியர்களில் பத்தில் அறுவருக்கு என்றார் அவர். எங்கள் வீட்டில் அந்த அறுவரில் ஒருவர் தாத்தா. ஒரு நாள் அவர் பாதத்தில் சிறு ஆணி குத்தியிருந்தது. அவருக்கு வலிக்கவே இல்லை. சாயங்காலம் காலுறையில் ரத்தத்தைப் பார்த்த அம்மாதான் கண்டுபிடித்தார். இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் கட்டுக்கடங்காமல் இருந்தால் கால் நரம்புகள் உணர்விழக்கும். புண்ணும் எளிதில் ஆறாது. கடைசியில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. வலி தெரியாமல் இருப்பதுதான் இந்த நோயில் என்னை மிகவும் பயமுறுத்துவது.

அதன்பிறகு நான் தொடங்கிய பழக்கம் பெரிதாக ஒன்றுமில்லை. காப்பிக் கடையில் கூடுதலாக ஒரு சொல் சொல்வது, அவ்வளவுதான். நம் கடைமொழியில் எல்லா அளவுக்கும் பெயர் இருக்கிறது. ‘சியூ தாய்’ என்றால் இனிப்புக் குறைவு. ‘சியூ சியூ தாய்’ என்றால் இன்னும் குறைவு. ‘கோசோங்’ என்றால் சீனியே வேண்டாம். வெறும் ‘தே’ என்று கேட்டால் இனிப்பூட்டிய கெட்டிப் பால் வரும். பால் வேண்டும், இனிப்பு வேண்டாம் என்பவர்கள் ‘தே-சி கோசோங்’ என்று கேட்க வேண்டும். ஒரே நாளில் கோசோங்குக்குத் தாவுகிறவர்கள் மூன்றாம் நாள் பழைய குவளைக்கே திரும்புவதைத் தோழிகளிடம் பார்த்திருக்கிறேன். நான் ஒரு மாதம் சியூ தாய், அடுத்த மாதம் சியூ சியூ தாய் என்று இறங்கினேன். நாக்கு மெல்லப் பழகிக்கொள்கிறது. இப்போது யாராவது வழக்கமான தே வாங்கிக் கொடுத்தால் பாயசம் குடிப்பதுபோல் இருக்கிறது.

பொட்டலப் பானங்களுக்கு ‘நியூட்ரி-கிரேட்’ முத்திரை 2022 டிசம்பர் 30 முதல் நடப்பில் உள்ளது. ஓராண்டு கழித்து, கடையில் உடனுக்குடன் கலக்கும் பானங்களுக்கும் அது விரிவுபடுத்தப்பட்டது. சிறு கடைகளுக்கு மட்டும் விலக்கு. ஏ முதல் டி வரை நான்கு தரங்கள். டி தரப் பானங்களை விளம்பரப்படுத்த முடியாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் எழுத்தை மட்டும் பார்த்து நிம்மதி அடைவது சரியாகாது, ஏனென்றால் அந்தத் தரம் 100 மில்லிலிட்டருக்கானது. பி தரத்தில் 100 மில்லிலிட்டருக்கு 5 கிராம் வரை சர்க்கரை இருக்கலாம். அரை லிட்டர் குவளை என்றால் 25 கிராம். பெரியவர் ஒருவருக்கு நாள் முழுவதற்கும் அவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஏறக்குறைய அதுதான்! மேலே போடும் கறுப்பு மணிகளின் சர்க்கரை இந்தக் கணக்கில் சேராது, அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். கணிதப் பாடத்தில் விகிதம் படிக்கும் தம்பி, தங்கைகள் அடுத்த முறை கடையில் வரிசையில் நிற்கும்போது இதைப் போட்டுப் பார்க்கலாம்.

இரண்டாவது பழக்கம் அப்பாவால் வந்தது. இரவுச் சாப்பாடு முடிந்ததும் புளோக்கைச் சுற்றிப் பதினைந்து நிமிட நடை. உண்ட பிறகு நடந்தால் தசைகள் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையை எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளும். உடலுக்கு இது. மனத்துக்குக் கிடைத்தது நான் எதிர்பாராதது. மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தால் எங்கள் பேச்சு மதிப்பெண்ணைத் தாண்டாது. பூங்கா இணைப்புப் பாதையில் பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்போது, முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதாலோ என்னவோ, அப்பா தம் வேலையிடத்துக் கவலைகளைச் சொல்கிறார். நானும் பாடப்பிரிவை மாற்ற நினைத்த கதையை அங்கேதான் சொன்னேன். கைப்பேசியை வீட்டில் விட்டுவிட்டுப் போவது மட்டும் எங்கள் விதி. அப்பாதான் அதை அடிக்கடி மீறுகிறார்.

உறக்கத்தைப் பற்றி ஆசிரியர்கள் போதுமான அளவு சொல்லிவிட்டார்கள். 13 முதல் 18 வயதுள்ளவர்களுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரம் வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். தேர்வுக் காலத்தில் யாரும் உறங்குவதில்லை என்பதும் தெரியும். இதில் தேயின் பங்கை மட்டும் சொல்லிவிடுகிறேன். உடலுக்குள் போன கெஃபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஒன்பது மணிக்குப் படிப்பதற்காகக் குடித்த தே, இரண்டு மணிக்கும் பாதிக் குவளையாக உள்ளே விழித்திருக்கிறது. கோசோங் என்றாலும் இதில் சலுகை இல்லை. அதனால் என் கடைசிக் குவளை மாலை நான்கு மணிக்கு. அதற்குமேல் வெந்நீர்தான்.

சென்ற தீபாவளிக்கு அம்மாவிடம் ஒரு யோசனை சொன்னேன். தேயில் சீனி கலக்காமல், தட்டில் தனிக் கிண்ணத்தில் வைப்போம், வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளட்டும் என்று. “வந்தவங்க என்ன நினைப்பாங்க?” என்று அம்மா தயங்கினார். தாத்தாதான், “வச்சுப் பாரு புள்ள” என்றார். வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அரைக் கரண்டியோடு நிறுத்திக்கொண்டார்கள். பெரிய அத்தை மட்டும் மூன்று கரண்டி போட்டு நன்றாகக் கலக்கிவிட்டு, “உங்க வீட்ல சீனி தீந்துபோச்சோன்னு பயந்துட்டேன்” என்றார்.