சூடு மிஞ்சும் ஷவர்

இங்கிலாந்தில் குடியேறியிருக்கும் நம்மவர் வீடுகளில், அது வெம்பிளியானாலும் ஈஸ்ட் ஹாமானாலும், குளியலறைச் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டியை அடிக்கடி காணலாம். தமிழ்நாட்டில் நாம் பழகிய கீஸரைப் போல அது வெந்நீரைச் சேமித்து வைப்பதில்லை. தெருக் குழாயிலிருந்து நேரே வருகிற குளிர்ந்த ஜலத்தை, அது தன்னைக் கடந்து செல்லும் சில விநாடிகளுக்குள்ளேயே காய்ச்சித் தலையில் பொழிந்துவிடுகிறது. மாடித் தொட்டியிலிருந்து வெந்நீர் வலுவின்றி இறங்கிவந்த பழைய ஆங்கிலேய வீடுகளுக்கு இந்த மின்சார ஷவர் பெரிய அனுகூலமாக அமைந்தது. ஆனால் குளித்துக்கொண்டிருக்கையில் திடீரென்று தோல் எரியும்படி கொதித்து, மறுகணமே பனிபோலக் குளிர்ந்து, மீண்டும் கொதிக்கிற விபரீதமும் அதனிடம் உண்டு.

இந்தச் சங்கடத்தைக் கண்டவுடன் மின்சாரம் மிதமிஞ்சிப் பாய்கிறது என்றே பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் உண்மை அதற்கு நேர்மாறானது: மின்சாரம் வழக்கம்போலத்தான் வருகிறது, தண்ணீர்தான் குறைந்துவிட்டது. சாதாரண ரகங்களில் பெட்டியின் முகத்திலுள்ள இரண்டு குமிழ்களில் ஒன்று, உள்ளே இருக்கும் இரண்டு சூட்டுக் கம்பிச்சுருள்களில் ஒன்றை மட்டும் எரியவிடுவதா இரண்டையுமா என்பதைத் தீர்மானிக்கிறது; உஷ்ணத்திற்குரியது என்று நாம் நம்பித் திருப்புகிற மற்றதோ உஷ்ணத்தை அறியவே அறியாது, நீரின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் மட்டுமே அதற்குத் தெரியும். அடுப்பின் தீ மாறாதிருக்க, ஒரு குடம் நீருக்குப் பதிலாக அரைக் குடம் ஏற்றினால் என்ன ஆகுமோ அதுவே இங்கும் நிகழ்கிறது.

கணக்காகவே பார்க்கலாம். 8.5 கிலோவாட் ஷவர் ஒன்று நிமிஷத்திற்கு 4 லிட்டர் ஜலத்தைச் சுமார் 30 டிகிரி சென்டிகிரேட் உயர்த்தும். மாசி மாதத்துக் குளிரில் 8 டிகிரியில் வருகிற குழாய்நீர் 38 டிகிரியாகி, குளிப்பதற்கு இதமாக இருக்கிறது. அதே நீர் கோடையில் 18 டிகிரியில் வந்தால், குமிழைத் தொடாத வீட்டில் அது 48 டிகிரியாகிவிடும். இதற்கிடையில் நீரின் ஓட்டம் 3 லிட்டராகச் சுருங்கியிருந்தால் ஏற்றம் 40 டிகிரியாக, கோடைநாளில் 58 டிகிரி வரை போய் நிற்கும். 60 டிகிரி நீர் சில விநாடிகளிலேயே வளர்ந்தோருக்கும் தோலை வேக வைத்துவிடும். குழந்தைகளின் மெல்லிய தோலுக்கு அத்தனை அவகாசமும் வேண்டியதில்லை. அதனால்தான் உள்ளே ஒரு பாதுகாப்புச் சுவிட்ச் இருந்து, சூடு எல்லை கடந்ததும் மின்சாரத்தைத் துண்டித்து, ஆறியதும் மீண்டும் சேர்க்கிறது. நாம் நொந்துகொள்கிற அந்தக் கொதிப்பும் குளிரும் மாறி மாறி வருவது பெரும்பாலும் அந்தக் காவற்காரனுடைய வேலையே.

நீர் ஏன் குறைகிறது? சமையலறையில் யாரோ குழாயைத் திறந்திருக்கலாம், ஹோஸ் மடிந்திருக்கலாம். ஆனால் லண்டன்வாசிகளின் பிரதான சத்துரு சுண்ணாம்பு. அந்நகரத்தின் ஜலம் சுண்ணாம்புப் பாறைகளின் ஊடாக ஊறி வருவதால், காய்ச்சும்போதெல்லாம் அதில் கரைந்திருந்த உப்பு வெண்மையாகப் படிகிறது. கெட்டிலின் அடியில் தட்டுப்படுகிற அந்தப் பொருக்குதான் ஷவர் ஹெட்டின் நுண்ணிய துளைகளையும் அடைக்கிறது. துளை அடைபட நீர் குறைகிறது, நீர் குறையச் சூடு ஏறுகிறது, சூடு ஏற ஏறப் படிவும் பெருகுகிறது. இப்படியாக நோய் தன்னைத் தானே போஷித்துக்கொள்கிறது. 1859 முதல் கேட்ரின் ஏரியின் மென்னீரைப் பருகுகிற கிளாஸ்கோ நகரத்தாருக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை.

பரீட்சை எளியது. ஷவர் ஹெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் ஹோஸிலிருந்து நீரைச் சற்று ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். சூடு தணிந்து வந்தால் குற்றவாளி அந்த ஹெட்டே. அதை வினிகரில் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, கழுவி மாட்டினால் அநேக வீடுகளில் காரியம் முடிந்துவிடும். கோடை பிறந்ததும் ஒற்றைச் சுருள் நிலைக்கு மாற்றிக்கொள்வதும் நல்லது. பெட்டியின் அடியிலிருந்து நீர் சொட்டினாலோ, அடைப்பினால் உள்ளே அழுத்தம் மிகுந்து, அதற்கென்றே வைத்திருக்கும் சிறு அடைப்பான் தன்னைத் தியாகம் செய்துவிட்டது என்று அறியலாம்; அடைப்பை நீக்காமல் அடைப்பானை மட்டும் புதுப்பிப்பது வீண்செலவு.

ஒரு நிலைமையில் மாத்திரம் வினிகரும் பல்துலக்கியும் உதவா. கூரையிலிருந்து தொங்கும் கயிற்றுச் சுவிட்ச் சுடுகிறதென்றாலும், கருகிய வாடை எழுகிறதென்றாலும், அது நீரின் பிழையன்று. தளர்ந்த இணைப்பின் பிழை, அல்லது தன் சக்திக்கு மீறிச் சுமக்கும் கம்பியின் பிழை. 8.5 கிலோவாட் என்பது ஏறக்குறைய 35 ஆம்பியர். கெட்டில் மூன்றை ஒரே கம்பியில் ஓட்டுவதற்குச் சமமான பாரம். பழைய சிறிய ஷவரை எடுத்துவிட்டு, கம்பியை மாற்றாமலே 10.5 கிலோவாட் பெட்டியை மாட்டிக்கொள்ளும் வீடுகளில் இந்த அபாயம் காத்திருக்கிறது. உடனே மின்பெட்டியிலேயே ஷவருக்குரிய பிரேக்கரை அணைத்துவிட்டு, தகுதிபெற்ற எலக்ட்ரீஷியனை அழைக்க வேண்டும். இங்கிலாந்தில் 2005 முதல் வீட்டு மின்வேலையும் கட்டட விதிகளுக்கு உட்பட்டதாகிவிட்டது.

பெட்டி பழையதாகிப் புதிது வாங்க நேர்ந்தால், குழந்தைகளும் முதியோரும் உள்ள குடும்பத்தார் தெர்மோஸ்டாட் அமைந்த ரகத்தைத் தேர்ந்தெடுப்பதே யுக்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. விலை கூடுதல்தான்; ஆயினும் வேறொருவர் குழாயைத் திறந்தாலும் வெளிவரும் நீரின் சூடு அதிகம் அசைவதில்லை. லண்டனில் அதையும் சுண்ணாம்பு விட்டுவைப்பதில்லை. ஷவர் ஹெட்டை அவ்வப்போது கழற்றித் தேய்க்கிற வேலை அந்த வீட்டாருக்கும் உண்டு.