நீர்நிலைகளும் கருவிகளும்: வில்லை விட அம்பே முதல்

வில்லால் மீன் பிடிக்கத் தொடங்குகிறவர்கள், கையிலுள்ள பணத்தின் பெரும்பகுதியை வில்லுக்குக் கொடுத்துவிட்டு, மிஞ்சிய சொற்பத் தொகைக்குள் அம்பையும் கயிற்றையும் முடித்துக்கொள்வது பரவலாகக் காணப்படும் வழக்கம். ஆனால் இவ்வேட்டையை அன்றாட உணவுக்காகவே நடத்திவந்த சமூகங்களின் கருவிகளை நோக்கினால், அவற்றில் வில் எளியதாகவும், கைத்திறனும் உழைப்பும் அம்பின் பக்கமே குவிந்தும் இருப்பதைக் காணலாம். குறைந்த செலவில் கருவி சேர்க்க விரும்புவோருக்கு விளம்பர ஏடுகளைவிட இந்த மரபு நம்பத்தக்க வழிகாட்டி.

அந்தமான் தீவுகளின் பழங்குடியினர் ஆழம் குறைந்த கடலோர நீரில் நின்று மீனை எய்வதற்குப் பயன்படுத்திய அம்புகளில் இறகு கிடையாது. காற்றில் தொலைவு செல்லும் அம்பு தடம் மாறாதிருக்கவே இறகு வேண்டும். சில மீட்டருக்குள் நீரில் பாயவேண்டிய அம்புக்கோ அது வேகத்தைத் தடுக்கும் சுமையே ஆகும். காட்டுப்பன்றிக்கு அவர்கள் செய்த அம்பு இதனினும் நுட்பமானது: முனை தண்டிலிருந்து கழன்றுகொள்ள, இரண்டையும் இணைக்கும் கயிறு புதரில் சிக்கி விலங்கை நிறுத்திவிடும். கேரளத்தின் காயல்களிலும் வாய்க்கால்களிலும் வழங்கிய தெற்றாலி, அதாவது மரக்கட்டையின் தலையில் வில்லைக் குறுக்கே பொருத்தி விசையால் அம்பை விடுவிக்கும் குறுக்குவில், நூல் கட்டிய இரும்பு முனையோடு மீனைக் குறிவைத்தது. சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், தென்னிந்திய ஊதுகுழல்கள், வளரிகள், குறுக்குவில்கள் பற்றி 1924-இல் ஒரு தனிக் கட்டுரையே வெளியிட்டார். இறகற்ற தண்டு, பிடித்த மீனை விடாத முனை, இரண்டையும் எய்தவரோடு பிணைக்கும் நூல் ஆகிய இம்மூன்றும் இன்றைய அமெரிக்கக் கடைகளில் விற்கும் கருவிப் பெட்டியிலும் மாறாமல் இருக்கின்றன.

ஆகவே வில்லைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். இந்தியாவில் தொடக்கநிலை வில்வித்தைக்கென ‘இந்தியன் ரவுண்டு’ என்றொரு போட்டிப் பிரிவு உண்டு; அதில் மூங்கில் வில்லும் மூங்கில் அம்பும் கொண்டு 30, 50 மீட்டர் தொலைவுகளில் எய்கிறார்கள். பன்னாட்டுப் போட்டிக்குரிய ரீகர்வ் வில் முழு உபகரணங்களோடு லட்ச ரூபாயைத் தாண்டிவிடும்போது, இந்த மூங்கில் வில் சில ஆயிரங்களுக்குள் கிடைக்கிறது. நாணை முழுவதும் இழுத்துப் பிடிக்கத் தேவைப்படும் விசை, அதாவது இழுவிசை, 30 முதல் 40 பவுண்டுக்குள் (ஏறத்தாழ 14 முதல் 18 கிலோ) இருந்தால் ஆழமற்ற நீருக்குப் போதும். உருளைகள் வைத்த காம்பவுண்டு வில் தொடக்கக்காரருக்குத் தேவையற்ற செலவு என்பதோடு, மீன் கண்ணில் பட்ட கணத்தில் இழுத்து எய்யவேண்டிய இவ்வேட்டைக்கு அதன் நுட்பங்கள் பெரிதாக உதவுவதுமில்லை.

மூங்கில் அம்பு மட்டும் இங்கே பயன்படாது. இலக்குப் பலகைக்கான அம்பு 20, 30 கிராம் எடைக்குள் அடங்குவதால் நீரின் எதிர்ப்பில் உடனே வேகமிழந்து மிதந்துவிடுகிறது. மீன் அம்புக்கு உட்கூடு இல்லாத கண்ணாடியிழைத் தண்டு வேண்டும். 8 மில்லிமீட்டர் தடிப்பும் 80 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட தண்டு முனையோடு சேர்ந்து 100 கிராமை நெருங்கும், அந்த எடையே அதை நீருக்குள் செலுத்துகிறது. முனையில் பின்னோக்கி விரியும் முட்கள் இருக்கவேண்டும். அம்முட்களை முன்பக்கம் மடக்கவோ முனையைத் திருகிக் கழற்றவோ வழியில்லாத மலிவு முனைகளில் மீனை எடுப்பதற்குள் சதை கிழிந்துபோகும்.

கயிற்றில் சிக்கனம் பார்ப்பது ஆபத்தானது. இழுத்தால் நீளும் ஒற்றையிழை நரம்பு, அம்பு எங்கேனும் தடுக்கி நிற்கும்போது அதைச் சுண்டி எய்தவரின் முகத்தை நோக்கியே திருப்பி எறியக்கூடும் என்பதால், நீளாத பின்னல் கயிறே ஏற்றது. அக்கயிற்றை அம்பின் பின்முனையில் நேரடியாகக் கட்டாமல், தண்டின்மீது முன்னும் பின்னும் ஓடும் சிறு வளையத்தில் கட்டுவது இன்றைய பாதுகாப்பு முறை. அம்பை நாணில் பூட்டியிருக்கும்போது வளையம் வில்லுக்கு முன்புறமே நிற்பதால் கயிறு நாணில் சிக்காது. இந்த வளையத்தின் விலை மொத்தச் செலவில் மிகச் சிறிய பகுதிதான். கடைக்காரர் அது வேண்டாம் என்றாலும் வாங்கிவிடவேண்டும். கயிறு சுற்றும் கருவிக்கோ வில்லின் முகப்பில் பொருத்திக் கையால் சுற்றும் அகன்ற உருளையே போதும். பிளாஸ்டிக் குழாய்த் துண்டிலேயே அதைச் செய்துகொள்ளலாம்.

மிச்சப்படும் பணத்தில் ஒரு பகுதியை நீர்ப்பரப்பின் கூச்சத்தை அகற்றும் போலராய்டு கண்ணாடிக்கு ஒதுக்கலாம். கண்ணாடி கூச்சத்தைப் போக்குமே தவிர ஒளி முறிவைப் போக்காது: நேர் மேலிருந்து பார்த்தால் மீன் உண்மை ஆழத்தின் முக்கால் பங்கிலும், சாய்வாகப் பார்த்தால் அதனினும் மேலாகவும் தோன்றும். எனவே தோன்றும் இடத்துக்குக் கீழே குறிவைக்கவேண்டும்; எவ்வளவு கீழே என்பதை மண் நிரப்பிய பிளாஸ்டிக் புட்டியை நீரில் அமிழ்த்தி எய்துதான் கற்கமுடியும்.

இனி, இக்கருவிகளை எங்கே பயன்படுத்தலாம் என்பதற்கு அடி அண்ணாமலையை எடுத்துக்கொள்வோம். திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையில் வருண லிங்கத்தை ஒட்டிய இவ்வூர்ப் பகுதியில் கோயில் சார்ந்த குளங்கள் வேட்டைக்கு அப்பாற்பட்டவை. மலைச்சரிவின் காப்புக்காட்டுக்குள் வில்லோடு நுழைவதை 1882-ஆம் ஆண்டு வனச் சட்டம் அனுமதிப்பதில்லை, அச்சட்டம் அங்கே மீன் பிடிப்பதையும் தடுக்கிறது. எஞ்சியவை மாவட்டத்து ஏரிகள். வடகிழக்குப் பருவமழை நிரப்பும் அவை மழை நாட்களில் செம்மண் கலங்கலாக இருப்பதால், நீர் தெளியத் தொடங்கும் தை மாதத்துக்கு முன் வில் பயன்படாது. 1958-இல் கட்டி முடிக்கப்பட்ட சாத்தனூர் அணையில் மீன்பிடிப்பு தமிழ்நாடு மீன் வளர்ச்சிக் கழகத்தின் பொறுப்பில் உள்ளது. அங்கே முதலைகளும் உள்ளமையால், விழுந்த அம்பைத் தேடி நீரில் இறங்குவது எவ்விதத்திலும் உகந்ததன்று.

ஊர் ஏரிகளின் மீன்பாசி குத்தகை ஏலத்தில் விடப்படுவதால், நீரில் உள்ள மீன் குத்தகைதாரருடையது. அமெரிக்காவில் வில்லேந்துவோர் ஒழித்துக்கட்ட முனையும் வெள்ளிக் கெண்டையும் புல் கெண்டையும் 1959-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, இன்று ஏரிகளில் காசு கொடுத்துக் குஞ்சு விட்டு வளர்க்கப்படுபவை என்பதால், அவற்றை எய்ய எந்தக் குத்தகைதாரரும் இசையமாட்டார். 1952-இல் மண்டபத்துக்கு வந்த ஜிலேபி மீனோ, யாரும் விடாமலே பெருகி, வளர்ப்பு மீனின் தீனியிலும் பங்கு கேட்பது. அதற்கு ஒப்புதல் கிடைப்பது எளிது. அந்த மீன் பெரும்பாலும் அரைக் கிலோவைத் தாண்டாது. ஆகவே பத்துக் கிலோக் கெண்டைக்காக வடிவமைத்த தடித்த முட்களுள்ள வெளிநாட்டு முனை இங்கே மீனைச் சிதைத்துவிடும். உள்ளூர் இரும்புப் பட்டறையில் அடித்த, மெல்லிய இரு பல் கொண்ட சிறு முனை இவ்வேரிகளுக்கு அதனினும் பொருத்தமானது, விலையும் குறைவு.