புருஷனைக் காப்பாற்றப் போய்ப் பேயானவள்

பேய்ப்படம் என்றால் நம் தோட்டத்துச் சனங்களுக்கு எப்போதுமே ஆசை. எது பிடிக்கும் என்று நாங்கள் கேட்டுப் பார்த்தோம். பிள்ளைகுட்டிக்காரர்கள் 2005-இல் வந்த ‘சந்திரமுகி’யை விடமாட்டேன் என்கிறார்கள். சிலருக்கு 2004-இல் வந்த மலாய்ப்படம் ‘பொந்தியானாக் ஹாரும் சுண்டால் மாலாம்’. வயசானவர்களோ, “1957-இல் வந்த ‘பொந்தியானாக்’ மாதிரி வருமா?” என்று ஒரே போடு போடுகிறார்கள்.

அதை எடுத்தவர் இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ். நாயகி மரியா மெனாடோ. கூன் விழுந்த அவலட்சணமான பெண் ஒருத்தி மந்திர மருந்தால் அழகியாகிறாள். ஆனால் ரத்தம் மட்டும் நாக்கில் படக்கூடாது. கல்யாணமும் ஆகிறது. ஒருநாள் புருஷனைப் பாம்பு தீண்டிவிடுகிறது. “விஷத்தை உறிஞ்சு” என்று கெஞ்சுகிறான். உறிஞ்சினாள், பேயானாள்!

இருட்டோடு எழுந்து, பாம்புக்குப் பயந்து பயந்து மரம் சீவப் போன நம் பெண்களுக்கு இது யாரோ வீட்டுக் கதையா? பயந்ததைவிட அழுததுதான் அதிகம் என்றார் ஒரு பாட்டி.

சிங்கப்பூரில் வாரக்கணக்கில் ஓடிய படம். கந்தோனிஸ் மொழியிலும் பேச வைத்தார்கள். அதே வரிசையில் 1958-இல் வந்த ‘சும்பா பொந்தியானாக்’ தப்பிப் பிழைத்தது. முதல் படச்சுருள்தான் தொலைந்துபோயிற்று. இப்போது அது இருப்பது பார்த்தவர்கள் ஞாபகத்தில் மட்டுமே. உங்கள் வீட்டுப் பெரியவர் பார்த்திருந்தால், ராத்திரி சாப்பாடு முடிந்ததும் சொல்லச் சொல்லுங்கள். விளக்கு எரியட்டும்.