வழுக்காத ஊக்கம்

மார்கழித் திங்களின் வைகறையில் திருவில்லிபுத்தூர்த் தெருக்களிற் செல்வோர்க்கு இனியதொரு காட்சி கிடைக்கும். வாயில்தோறும் சாணம் தெளித்த தரையில் பெண்கள் மாவினாற் கோலம் இடுவர். வரிசை பிறழாமற் புள்ளி வைப்பர். புள்ளியைத் தொடாமற் கோட்டை வளைப்பர். தொடங்கிய இடத்திற்கே அக்கோட்டைக் கொணர்ந்து முடிப்பர். காண்பவர்க்கு அஃது எளிய செயலாகவே தோன்றும். ஆயினும், இழையொன்று பிசகாமல் அக்கோலம் அமைதற்கு அவ்விரல்கள் எத்துணை நாள் பழகியிருத்தல் வேண்டும்! எத்துணைக் கோலங்கள் இட்டு இட்டு அழிக்கப்பட்டிருத்தல் வேண்டும்!

நம் பெண்கள் நிலத்திற் கையால் இடும் கோலத்தைப் பனிக்கட்டியின்மீது காலால் இடுவோரும் உலகில் உளர். ஐரோப்பாவின் வடபகுதி போன்ற குளிர் நாடுகளில் மாரிக்காலம் வந்துவிட்டால் ஏரியும் கால்வாயும் உறைந்து கல்போல் இறுகிவிடும். அந்நாட்டு மக்கள் பண்டைக் காலத்தில் விலங்குகளின் எலும்பைக் காலிற் கட்டிக்கொண்டு அப்பனித்தரையின்மேற் சறுக்கிச் சென்றனர். பின்னர் எலும்பின் இடத்தை இரும்பு அலகு பெற்றது. வழிநடைக்குத் துணையாகத் தோன்றிய அப்பழக்கம் நாளடைவில் விளையாட்டாகி, விளையாட்டு முதிர்ந்து கலையாயிற்று. அக்கலையே பனிச்சறுக்கு நடனம் எனப்படுவது.

இதற்கெனச் செய்யப்படும் காலணியின் அடியில் எஃகு அலகு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அவ்வலகின் அடிப்புறம் நடுவே சற்றுக் குழிந்திருத்தலால் அதற்கு உள்விளிம்பு, வெளிவிளிம்பு என இரண்டு விளிம்புகள் உண்டு. சறுக்குவோர் உடலை ஒருபுறம் சாய்த்தால் அப்புறத்து விளிம்பு பனியைப் பற்றும். கால் செல்லும் வழி வளைகோடாகும். இவ்வாறு வளைகோடுகளை இணைத்து, எட்டு என்னும் எண்ணைப் போன்ற வடிவங்களை ஒற்றைக் காலால் வரைதல் முற்காலப் போட்டிகளின் இன்றியமையாத பகுதியாக இருந்தது. ஒருமுறை வரைந்த கோட்டின்மீதே மீண்டும் மீண்டும் கால் பதிய வேண்டும். நடுவர்கள் பனித்தரைக்கு வந்து குனிந்து, கோடு எங்கே விலகியது என்று நுணுகி நோக்குவர். உலகப் போட்டிகளிலிருந்து இப்பகுதி 1990ஆம் ஆண்டிற்குப் பின் நீக்கப்பட்டது. இந்நாளில் இசைக்கு இயையத் தாவுதலும் சுழலுதலுமே சிறப்பிடம் பெறுகின்றன. சுழல்வோர் விரித்த கைகளை மார்போடு சேர்த்த அளவில் அவர்தம் வேகம் பன்மடங்காகப் பெருகும். பார்ப்போர் அதனை விந்தை என்பர். இயற்பியல் பயில்வோர் அதன் காரணத்தை அறிவர்.

இக்கலையில் உலகப் புகழ் எய்தியவருள் ஒருவர் நார்வே நாட்டுச் சோனியா ஹெனி என்னும் பெண்மணி. அவர் 1924ஆம் ஆண்டு பிரான்சு நாட்டுச் சாமொனியில் நடைபெற்ற குளிர்கால ஒலிம்பிக்குப் போட்டியிற் கலந்துகொண்டபோது அவருக்கு வயது 11. போட்டியிட்ட மங்கையர் எண்மர். அவ்வெண்மருள் அச்சிறுமி பெற்ற இடம் யாது? எட்டாவது இடமே! உலகோர் கண்முன்னே கடைசியில் நின்ற அச்சிறுமி மனம் சோர்ந்து காலணியைக் கழற்றி எறிந்தாளில்லை. மூன்றே ஆண்டுகளில், 1927இல், அவள் உலக முதன்மை பெற்றாள். அதுமுதல் 1936வரை தொடர்ந்து பத்து ஆண்டுகள் அவ்விடத்தை வேறு எவரும் அவளிடமிருந்து பறிக்க இயலவில்லை. 1928, 1932, 1936 ஆகிய மூன்று ஒலிம்பிக்குப் போட்டிகளிலும் பொற்பதக்கம் அவளுக்கே உரியதாயிற்று. கடைசி இடம் என்பது முடிந்த இடமன்று. தொடங்கிய இடம் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

'பனி உறையும் நாட்டில் பிறந்தவர்க்கு இவையெல்லாம் எளிது. மேற்குத் தொடர்ச்சி மலையடியில், வெயில் காயும் இராசபாளையத்தில் வாழும் நமக்கு இது கூடுமோ?' என்று மாணவர் வினவலாம். நம் நாட்டில் சிம்லா நகரில் 1920ஆம் ஆண்டிலேயே பனிச்சறுக்குத் தளம் ஒன்று அமைந்தது உண்மையே. அமெரிக்காவிற் பிறந்த இந்திய வழியினராகிய தாரா பிரசாத் என்னும் நங்கை, 2025ஆம் ஆண்டு சீன நாட்டு ஹார்பின் நகரில் நடைபெற்ற ஆசியக் குளிர்கால விளையாட்டில் இந்தியாவின் சார்பிற் பனிச்சறுக்கு நடனம் ஆடியதும் உண்மையே. ஆயினும், நம் ஊர்களில் பனி உறைவதில்லை. உறையாவிட்டால் என்? பனி இல்லாத இடத்திற் சறுக்குவதற்கு மனிதன் வேறொரு வழி கண்டான். அதுவே சக்கரம்.

சக்கரம் பொருத்திய காலணியைத் தொடக்கத்திற் செய்தவருள் ஒருவர், பதினெட்டாம் நூற்றாண்டில் இலண்டன் மாநகரில் வாழ்ந்த சான் சோசப்பு மெர்லின் என்பவர். அவர் பல பொறிகளை அமைத்த அறிஞர். ஒருநாள் அவர் தாம் செய்த சக்கரக் காலணியை அணிந்து, வயலின் வாசித்தவாறே ஒரு விருந்து மண்டபத்தில் உருண்டு வந்தாராம். வந்தவர்க்கு விரையத் தெரிந்ததேயன்றித் திரும்பவோ நிற்கவோ தெரியவில்லை. மண்டபத்தின் கோடியில் இருந்த விலையுயர்ந்த பெருங்கண்ணாடியின்மேல் மோதினார். கண்ணாடி நொறுங்கியது, வயலின் உடைந்தது, அவரும் காயமுற்றார் என்பர்.

ஆடிப்பூரத் திருநாளில் திருவில்லிபுத்தூர்ப் பெருந்தேர் ஓடுவதைக் கண்டோர் இதன் உட்பொருளை எளிதில் உணர்வர். வடம் பிடிப்போர் பல்லாயிரவராயினும், சக்கரத்தின்கீழ் முட்டுக்கட்டை இடுவோர் சிலரே. தேர் செல்ல வேண்டிய திசையிற் செல்வதும், நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதும் அச்சிலரின் கைத்திறத்தால் அன்றோ? மெர்லினிடம் தேர் இருந்தது, முட்டுக்கட்டை இல்லை. அக்குறையை நீக்கும் முயற்சி பின்னாளில் தொடர்ந்தது. 1863ஆம் ஆண்டில் சேம்சு பிளிம்ப்டன் என்னும் அமெரிக்கர், உடல் சாயும் பக்கம் தானே திரும்பும் நான்கு சக்கரக் காலணியை அமைத்தார். இந்நாளில் விரைவுப் போட்டிக்குரிய காலணியிற் சக்கரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையில் அமைந்துள்ளன. அவற்றின் நடுவேயுள்ள சிறு எஃகுக் குண்டுகள் உராய்வைக் குறைக்கின்றன. இவ்விளையாட்டையே 'ஸ்கேட்டிங்' என யாவரும் வழங்குகின்றனர்.

சக்கரக் காலணி அணியும் பிள்ளைக்கு ஆசிரியர் முதலிற் கற்பிப்பது யாது? விரைதலா? அன்று. விழுதலையே முதலிற் கற்பிப்பர்! தலைக்கவசமும், முழங்கால், முழங்கை, மணிக்கட்டு ஆகியவற்றிற்குரிய காப்புகளும் அணிவித்து, முழங்காலை மடக்கி உடலைத் தாழ்த்தி, காப்புகளின்மேல் விழப் பழக்குவர். மல்லாந்து வீழ்தல் கேடு; விறைத்து நின்று வீழ்தல் அதனினும் கேடு. விழுந்தபின் ஒரு முழங்காலை ஊன்றி எழுதலையும், அதன்பின் வேகத்தை அடக்கி நிற்றலையும் கற்பிப்பர். இவை கைவந்த பின்னரே ஓட்டம். விழ அஞ்சுபவன் விறைத்து நிற்பான். விறைத்து நிற்பவனே விழுவான். அச்சமே வீழ்ச்சிக்குக் காரணமாதலை இக்கலையிற் கண்கூடாகக் காணலாம்.

ஓட்டத்திலும் நுட்பங்கள் பல உள. நடப்பதுபோற் காலைப் பின்னோக்கி உந்தினாற் பயன் சிறிது. பக்கவாட்டில் உந்துதல் வேண்டும். நிமிர்ந்து சென்றாற் காற்று எதிர்த்துத் தடுக்கும். ஆதலின், முதுகை வளைத்து, முழங்காலை மடித்துத் தாழ்ந்து செல்லல் வேண்டும். வளைவில் உடலை உட்புறமாகச் சாய்த்து, ஒருகாலை மற்றொரு காலின் குறுக்கே எடுத்து வைத்தல் வேண்டும். இவற்றைச் சொல்லுதல் எளிது. உடல் தானாகவே செய்யும்வரை பழகுதல் அரிது.

அவ்வரிய பயிற்சியைச் சிறுவயதிலேயே மேற்கொண்டவர் சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார் என்னும் இளைஞர். அவருடைய தமக்கையாரும் இவ்விளையாட்டில் ஈடுபட்டவர். ஆனந்த்குமாரின் பெயரை நாட்டினர் முதன்முதல் வியப்போடு கேட்டது 2021ஆம் ஆண்டில். தென்னமெரிக்காவில் உள்ள கொலம்பியா நாட்டின் இபாகே நகரில் நடைபெற்ற உலகப் போட்டியில், இளையோர்க்குரிய 15 கிலோமீட்டர் நீக்க ஓட்டத்தில் அவர் வெள்ளிப் பதக்கம் வென்றார். நீக்க ஓட்டம் என்பது கடுமையான சோதனை. குறித்த சில சுற்றுகள்தோறும் கடைசியில் வருபவர் விலக்கப்படுவர். எனவே, தொடக்கத்தில் வலிமை முழுவதையும் செலவிடுவோனும் கெடுவான்; பின்னர்ப் பார்த்துக்கொள்வோம் எனச் சோம்புவோனும் கெடுவான். விரைவும் பொறுமையும் ஒருங்கே உடையவனே எஞ்சி நிற்பான்.

ஈராண்டு கழித்து, 2023ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2ஆம் நாள், சீன நாட்டு ஹாங்சோ நகரில் ஆசிய விளையாட்டின் 3000 மீட்டர் தொடரோட்டம் நடைபெற்றது. ஆனந்த்குமாரும், ஆரியன்பால் சிங் குமான், சித்தாந்த் காம்ப்ளே, விக்ரம் இங்கலே ஆகியோரும் சேர்ந்த இந்திய அணி வெண்கலப் பதக்கம் பெற்றது. அதே நாளில் தமிழ்நாட்டு ஆரத்தி கஸ்தூரிராஜ் இடம்பெற்ற மகளிர் அணியும் வெண்கலம் வென்றது.

ஆடவர் ஓட்டத்தின் இறுதியில் நிகழ்ந்ததொன்று என்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. முன்னணியில் வந்த தென்கொரிய வீரர் வெற்றி கைகூடிற்று என எண்ணி, முடிவுக் கோட்டைத் தொடுமுன்னரே இரு கைகளையும் உயர்த்தி மகிழ்ந்தார். பின்னால் வந்த தைவான் வீரரோ அக்கணத்தில் தம் காலை முன்னே நீட்டிக் கோட்டைக் கடந்தார். நொடியின் நூற்றில் ஒரு பங்கினாற் பொற்பதக்கம் கைமாறியது! பல ஆண்டு உழைப்பின் பயன் ஓர் இமைப்பொழுதில் நழுவியது. தொடங்கியதை முற்ற முடித்த பின்னரே மகிழ்தல் வேண்டும் என்பதற்கு வேறு பாடம் வேண்டா.

ஆனந்த்குமாரின் பயிற்சி அவ்வெண்கலத்தோடு நின்றுவிடவில்லை. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் செங்டு நகரில் நடைபெற்ற உலக விளையாட்டுகளில் 1000 மீட்டர் விரைவோட்டத்தில் அவர் வெண்கலம் பெற்றார். அடுத்த திங்களிலேயே, சீன நாட்டுப் பெய்டைஹேயில் நடைபெற்ற உலகப் போட்டியில் அதே 1000 மீட்டர் தொலைவை 1 நிமிடம் 24.924 நொடியிற் கடந்து, பொற்பதக்கம் வென்று, உலக முதல்வரானார். அப்பொழுது அவர்க்கு வயது 22. அப்போட்டியிலேயே 42 கிலோமீட்டர் நெடுந்தொலைவு ஓட்டத்திலும் பொன் அவருக்கே கிடைத்தது.

இவ்வேகத்தை நம் ஊரின் அளவுகளால் அளந்து பார்ப்போம். திருவில்லிபுத்தூர்த் திருக்கோபுரத்தின் உயரம் 192 அடி. அவ்வளவு தொலைவை அவர் ஏறத்தாழ ஐந்து நொடியிற் கடந்தார். மணிக்கு 42 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகம் அது; இயந்திரத்தின் துணையின்றி, தம் இருகால்களின் உந்துதலால் மட்டுமே பெற்ற வேகம். 42 கிலோமீட்டர் என்பது திருவில்லிபுத்தூரிலிருந்து இராசபாளையம் சென்று மீண்டு, மறுமுறையும் சென்று மீளும் தொலைவுக்கு ஏறத்தாழ ஒப்பாகும். குறுந்தொலைவின் விரைவும் நெடுந்தொலைவின் பொறுமையும் ஒருவரிடத்தே அமைதல் அரிது. முன்னர் 15 கிலோமீட்டர் நீக்க ஓட்டத்திற் பயின்ற பாடம் ஈண்டுப் பயன் தந்தது எனலாம்.

மாணவர்கள் ஈண்டு ஒன்றை உற்று நோக்குதல் வேண்டும். 84 நொடிகளிற் பெற்ற வெற்றியைச் செய்தித்தாள்கள் எழுதின; நாடு பாராட்டியது. அவ்வெண்பத்து நான்கு நொடிக்கு முன்னே கழிந்த ஆண்டுகளை யார் எழுதினர்? விழுந்த இடங்களை யார் எண்ணினர்? பிறர் உறங்கும் வைகறையில் எழுந்து, பாராட்டுவார் ஒருவருமின்றி, ஒரே வளைவை ஓராயிரம் முறை சுற்றிய நாள்களே உண்மையில் அவ்வெற்றியை ஈட்டின. சோனியாவின் பத்து உலகப் பட்டங்களுக்கும் அத்தகைய நாள்களே வித்து. புகழ் கட்டடத்தின் மேல்தளம் போன்றது. அனைவர் கண்ணுக்கும் தோன்றும். தொடக்கக்காலப் பயிற்சி அடித்தளம் போன்றது. மண்ணுள் மறைந்து நின்று அனைத்தையும் தாங்கும்.

திருவள்ளுவர் ஊக்கமுடைமை என்றும் ஆள்வினையுடைமை என்றும் தனித்தனி அதிகாரங்கள் வகுத்துள்ளார். உள்ளத்தில் எழும் கிளர்ச்சி ஊக்கம். அக்கிளர்ச்சியைச் செயலாக்கும் இடைவிடா முயற்சி ஆள்வினை. முன்னது ஒருநாளிற் பிறக்கலாம்; பின்னது நாள்தோறும் பிறத்தல் வேண்டும். கணக்கில் ஒருமுறை தவறியவுடன் 'எனக்குக் கணக்கு வாராது' என்போரும், மேடையில் ஒருமுறை நாக்குழறியவுடன் 'எனக்குப் பேச்சு வாராது' என்போரும் சறுக்குக் கலையின் முதற்பாடத்தை எண்ணிப் பார்ப்பாராக. விழுதலும் பாடத்தின் ஒரு பகுதியே. எழுதலே அப்பாடத்தின் பயன். கால் வழுக்கலாம், ஊக்கம் வழுக்குதல் ஆகாது.